இடது காதடிக் கட்டி

08.02.93 திங்கள்

கடும் பனி. கிணற்றடியில் முகம் கழுவும்போது இடது காதடியில் ஏதோ தட்டுப்பட்டது. கடலைக்கொட்டை அளவு. நோவு இல்லை. நுளம்புக்கடியாக இருக்கும், இரவு முழுக்கக் காதடியில் ரீங்காரம்.

தம்பிராசா வயலில் நெல் வெட்ட ஆள் பிடிக்க விடியவே வெளிக்கிட்டார். நான் பள்ளிக்கூடம் போகும்போது சந்தியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். முடிந்து வரும்போதும் அதே சந்தி, அதே கதை. வெட்டுக்கு ஆள் இல்லை, கதைக்கு மட்டும் ஆள் கிடைக்கிறது. கலியாணம் கட்டி இருபத்து நாலு வருடம். (பெயர் சொல்லி எழுதுவது இந்தக் கொப்பியில் மட்டும். நேரில் "இஞ்சாருங்கோ"தான்.)

ஆண்டு 9 கணிதத் தாள் 41. திருத்தியது 13. ஒருவன் முக்கோணத்துக்கு நாலு கோணம் குறித்திருக்கிறான். சிவப்புப் பேனை முடியப் போகிறது.

நாய் ஜிம்மி திரும்பவும் என் சாய்மனைக் கதிரையில். கலைத்தேன். அது தம்பிராசாவைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டும் ஒரே பார்வை.

10.02.93 புதன்

வெயில். கட்டி பெருத்துவிட்டது. இடது கன்னம் முழுக்க உப்பல். வாய் திறந்தால் இழுக்கிறது. புளி நினைத்தாலே காதுக்குள் சுளீர் என்கிறது. மத்தியானம் புளிக்குழம்பு. என் தலைவிதி.

தம்பிராசா கண்டுபிடித்த காரணங்கள்:
1. பல்.
2. பனிக்குள் தலை முழுகினது.
3. "வகுப்பில அளவுக்கு மிஞ்சிக் கத்தினது."

மூன்றாவதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

11.02.93 வியாழன்

முதலாம் பாடம் முடியவில்லை. பள்ளிக்கூட அதிபர் வகுப்புக்கு வந்தார். உள்ளே வரவில்லை, யன்னலுக்கு வெளியே நின்றார்.

"ரீச்சர், உது கூகைக்கட்டுப் போல கிடக்கு."

"பல்லு சேர்."

"பல்லுக்கு உப்பிடி வீங்காது. எனக்கு இன்னும் பிள்ளையள் இல்லை, ரீச்சருக்குத் தெரியும்தானே. ஆம்பிளையளுக்கு அது வந்தா..." மிச்சத்தைச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஓய்வறையில் ஆண் ஆசிரியர்கள் ஆறு பேர். நான் வாசலுக்கு வர ஆறு பேரும் பின்வாசலால். இந்தத் தையில் கலியாணம் கட்டிய உடற்பயிற்சி மாஸ்டர் வாசலைத் தேடவில்லை, யன்னலால் பாய்ந்தார். நன்றாகத்தான் பாய்கிறார்.

பத்து நாள் லீவு. கேட்காமலே தந்தார்கள். விளையாட்டுப் போட்டிக்கு நான்தான் நேரக் கணிப்பாளர், அதுவும் போய்விட்டது. வகுப்பை விட்டு வரும்போது ஆண்டு 9 எழுந்து நின்று மரியாதையாக அனுப்பியது. அவ்வளவு மரியாதை முன்பு ஒருநாளும் கண்டதில்லை. அறுதலியள், உள்ளுக்குள் கொண்டாட்டம்.

12.02.93 வெள்ளி

பின்வளவு முத்தம்மா வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், எழுபத்தேழுக் கலவரத்தில் தாய் தகப்பனோடு இங்கே வந்து சேர்ந்து இப்போது எங்களைவிட நன்றாக மிளகாய்த் தோட்டம் செய்கிறாள். வேலியில் நின்றே சொன்னாள்.

"ஐயோ டீச்சரம்மா, இது பொன்னுக்கு வீங்கி! கழுத்துல தங்கம் போட்டா எறங்கிரும்."

கூகைக்கட்டுக்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது. தாலிக்கொடியைக் காட்டினேன். இது தங்கமில்லாமல் என்ன?

"அது ஒங்க ஐயாவுக்குக் கட்டுப்பட்ட பொன்னு. அது இந்த வேலைக்கு வராதுங்க. அடுத்தவங்க கழுத்துல கெடந்தத வாங்கிப் போடணும்."

நான் கணிதம் படிப்பிக்கிறவள். இதெல்லாம் விசர்க்கதை என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன். திறக்க முடியவில்லை. அதற்குள் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். அவளிடம் இருக்கிற ஒரே நகை.

பிற்பகல் முகம் பார்த்தேன். வீக்கம் ஒரு பக்கம், சங்கிலி இரண்டு. திருவிழாவுக்கு வெளிக்கிட்ட பூசணிக்காய்.

15.02.93 திங்கள்

நோவு குறைவு. சங்கிலியால் என்று எழுத மாட்டேன். குறைவு, அவ்வளவுதான்.

முத்தம்மா நாளுக்கு மூன்று தரம் வருகிறாள். "கன்னம் எப்படி இருக்குங்க?" என்று கேட்கிறாள். கண் கழுத்தில் நிற்கிறது. குறை சொல்ல முடியாது, என் சங்கிலியை அவளிடம் கொடுத்திருந்தால் நான் அங்கேயே பாய் போட்டுப் படுத்திருப்பேன்.

தம்பிராசாவின் சிநேகிதர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. படலைக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார்கள். இருபத்து நாலு வருடமாக நான் ஏசியும் நடக்காத காரியம்.

செய்ய வேண்டியவை: மிச்சத் தாள். மிளகாய் காயப்போட. விளக்குக் கண்ணாடி துடைக்க. கட்டியை அடிக்கடி தொடாமல் இருக்க.

22.02.93 திங்கள்

தூறல். அறுத்த நெல் வெளியில், தம்பிராசா வானத்தோடு சண்டை.

உப்பல் வற்றிவிட்டது, கட்டி வற்றவில்லை. இப்போது கொட்டைப்பாக்கு அளவு, அசையாத கட்டி. கூகைக்கட்டு இரண்டு கிழமைக்கு நிற்குமா? நிற்காது. எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

24.02.93 புதன்

ஆஸ்பத்திரி. தம்பிராசா சைக்கிள் மிதிக்க நான் பின்னால். வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி வரை அவர் வாய் ஓயவில்லை. வழியில் கண்டவர்கள் எல்லோருக்கும் கூகைக்கட்டு என்று விளக்கம்.

முதலில் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கால் முறிந்து போனாலும் இங்கே முதலில் மலேரியாவுக்குத்தான் பார்ப்பார்கள். இல்லையாம்.

டொக்டர் சின்னப் பெடியன். கையை வைத்து ஆறுதலாகத் தடவிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"இது கூகைக்கட்டு இல்லை ரீச்சர். காதடியில உமிழ்நீர்ச் சுரப்பி எண்டு ஒண்டு இருக்கு. அதுக்குள்ள நெறி கட்டுற மாதிரிச் சின்னக் கணுக்கள் இருக்கும். அதில ஒண்டுதான் வீங்கியிருக்கு. ஏன் எண்டு வெட்டி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"என்னவா இருக்கும்?"

"சிலவேளை சயரோகம். சிலவேளை வேற ஏதும்."

வேற ஏதும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமல் விட்ட விதமே போதும்.

பிறகுதான் மற்றது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்கு ஊடாகத்தான் ஓடுகிறதாம். வெட்டும்போது அதில் பட்டால் வாய் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது. கவனமாகச் செய்வார்களாம். வெட்டுவதற்கு முன் நரம்பு எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும்.

"கண்ணை இறுக்கி மூடுங்கோ." மூடினேன். "கன்னத்தை ஊதுங்கோ." ஊதினேன். "இப்ப ஒருக்காச் சிரியுங்கோ."

இதென்ன கேள்வி? எதற்குச் சிரிக்க?

"சும்மா சிரியுங்கோ ரீச்சர்."

சும்மா சிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முயன்றேன். டொக்டர் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டார். தாதி தம்பிராசாவிடம் "அவாவுக்கு நோகுதோ?" என்று கேட்டாள். கடைசியில் டொக்டர் ஏதோ ஆங்கிலத்தில் எழுதினார். தலைகீழாக வாசித்தேன். நோயாளி சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

சத்திரசிகிச்சை நிபுணர் வருவது செவ்வாய்களில். எனக்கு மார்ச் 9.

திரும்பி வரும்போது தம்பிராசா ஒரு சொல் கதைக்கவில்லை. சந்தியில் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் எனக்குச் சரியான பயம் பிடித்தது.

25.02.93 வியாழன்

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். பொன்னுக்கு வீங்கி இல்லையாம் என்றேன்.

"பொன்னு பத்தல டீச்சரம்மா, அதான்." அவளுக்குக் கவலை. சங்கிலி மெல்லியதாகப் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்குள் வந்து கொஞ்சம் அழுதேன். தம்பிராசா வயலில். நல்லதாகப் போயிற்று.

01.03.93 திங்கள்

பள்ளிக்கூடம். தொற்றாது என்று டொக்டர் எழுதித் தந்த துண்டை அதிபர் இரண்டு விரலால் பிடித்து வாசித்தார். குடை மேசையில், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தேன். நான் ஒருநாளும் பிரம்பு எடுத்ததில்லை. தேவைப்பட்டதில்லை. வாசலில் வந்து நின்று முகத்தைக் காட்டினால் நாற்பத்தொரு பேரும் அடங்குவார்கள். இந்த முகம்தான் என் பிரம்பு. இது கோணினால்? வாய் ஒரு பக்கம் இழுக்க, ஒரு கண் மூடாமல், நான் சமன்பாடு விளங்கப்படுத்த, பின்வரிசை வாங்கிலிருந்து கிக் என்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது.

இருபத்தேழு வருடச் சேவை. வேறு வேலையும் எனக்குத் தெரியாது.

03.03.93 புதன்

தீர்மானம்: சிரித்துப் பழகுவது. வெட்டுக்கு முன் எப்படி இருந்தது என்று ஒரு கணக்கு இருக்க வேண்டும். பிறகு ஒப்பிட வேறு வழி இல்லை.

காலை, அறைக் கண்ணாடி முன் பத்து நிமிடம். உதடு மேலே போகிறது, கண் கூடப் போவதில்லை. கண்ணைச் சுருக்கினால் உதடு இறங்குகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய மூக்கு விடைக்கிறது. ஜிம்மி வாசலில் வந்து பார்த்தது. உறுமிவிட்டு வெளியே போனது.

05.03.93 வெள்ளி

வகுப்பில் முயன்றேன். ஒரே ஒரு தரம், வர்க்கமூலக் கணக்கு ஒன்று கொடுத்துவிட்டு நிமிர்ந்து சிரித்தேன்.

ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. கெட்டிக்காரி ஒருத்தி முன்வாங்கில் கண் கலங்கிவிட்டாள். "ரீச்சர், நான் ஒண்டும் செய்யேல்லை." இன்னொருத்தன் கேட்காமலே எழுந்து வாங்கின்மேல் ஏறி நின்றான். தான் செய்த ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தானாம். என்ன என்று விசாரித்தேன். யன்னல் கண்ணாடி உடைந்தது அவனால்தானாம்.

இந்தச் சிரிப்பில் பயன் இருக்கிறது. ஆனால் தேவைப்பட்டது இதுவல்ல.

தம்பிராசா இன்னும் சரியாகக் கதைக்கிறார் இல்லை. நெல் அடித்து முடிந்துவிட்டது. மூட்டை கட்டிவிட்டு மூட்டைமேலேயே இருக்கிறார்.

09.03.93 செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். இடது பக்கம் முழுக்கக் கட்டுப் போட்டிருக்கிறது. எழுத்து கோணல்.

நடந்தது: மயக்கவில்லை, விறைப்பூசிதான். ஊசி குத்தும்போது நொந்தது, பிறகு ஒன்றுமில்லை. நிபுணர் தடித்த மனிதர், வேலை செய்துகொண்டே எதையோ முணுமுணுக்கிறவர். திடீரென முணுமுணுப்பு நின்றது. "இஞ்ச பாரும்" என்று சின்ன டொக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் குனிந்தார்கள். தாதியும் குனிந்தாள். விளக்குப் பிடித்தவனும் குனிந்தான். நான் மட்டும் பார்க்க முடியாது.

"அசையுது சேர்," என்றார் சின்ன டொக்டர்.

என் கன்னத்துக்குள் என்ன அசைகிறது? நரம்பு என்று நினைத்தேன். நரம்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.

கட்டிலுக்குக் கொண்டுவந்து விட்டபின் தம்பிராசா தேத்தண்ணீர் பருக்கினார். குடித்தது எல்லாம் இடது பக்கத்தால் வழிந்து சட்டையில். கண்ணை மூடச் சொன்னார்கள். வலது மூடியது. இடது மூடவில்லை.

"விறைப்பு இன்னும் விடேல்லை ரீச்சர். நாளைக்குப் பார்ப்பம். இப்ப ஒண்டும் சொல்லேலாது."

தம்பிராசா தன் சால்வை நுனியால் என் நாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வழியாதபோதும் துடைத்தார்.

10.03.93 புதன்

வீடு. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் இடது கண் மூடியது. முழுக்க. தண்ணீர் குடித்தேன், ஒரு துளிதான் வழிந்தது. வாய் மட்டும் பாரமாக, வேறு யாருடையதோ போல.

எட்டு மணிக்கு இரண்டு டொக்டர்களும் வந்தார்கள், இரவு இங்கேயே தங்கிவிட்ட நிபுணரும் சின்னவரும். நிபுணர் கையில் ஒரு சின்னப் போத்தல். அதற்குள் வெள்ளை நூல் ஒன்று, சுருண்டபடி.

"இதுதான் ரீச்சர் உங்கட கட்டி. புற்றுநோயும் இல்லை, சயமும் இல்லை. புழு. அந்தக் கணுவுக்குள்ள சுருண்டு படுத்திருந்தது."

"என்ன புழு?"

"நாய்ப் புழு. நாயின்ர உடம்பில இருக்கிறது. நுளம்பு நாயைக் கடிச்சிட்டு உங்களைக் கடிச்சிருக்கு. எடுத்தாச்சு, இனிப் பயமில்லை."

இரண்டு கிழமையாக நான் மனதுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தது ஒரு நாய்ப் புழுவுக்காக. ஆறுதல்தான். ஆனால் வெட்கம். கணித ஆசிரியைக்கு நாய்ப் புழு. பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது? கணு என்று சொல்லலாம். கணு போதும்.

நிபுணர் விடவில்லை. "பல்லைக் காட்டுங்கோ." காட்டினேன். குனிந்து பார்த்தார். "இடது பக்கம் கொஞ்சம் இறக்கம் போல கிடக்கு. முந்தியும் இப்பிடியோ?" சின்ன டொக்டர் தாளைப் புரட்டினார். நோயாளி சிரிக்கவில்லை. வேறொன்றும் அதில் இல்லை.

"முந்தி எப்பிடி இருந்தது எண்டு தெரியாட்டி நான் என்னெண்டு சொல்லுறது? ஒருக்கா வடிவாச் சிரியுங்கோ ரீச்சர்."

ஏழு நாள் பழகிய சிரிப்பைப் போட்டேன். பக்கத்துக் கட்டில் பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பிராசா போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கிழமையாக ஊமையாக இருந்த மனிதர்.

"டொக்டர், இது ஆணோ பெண்ணோ?"

"பெண். மலேரியா பார்க்கிற நுணுக்குக்காட்டியில வைச்சுப் பார்த்தனான். மனிசருக்குள்ள வந்தா இதுக்குச் சோடி கிடைக்காது. பெருகாது. தனியக் கிடந்து சாகும்."

தம்பிராசா புழுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உண்மையான துக்கம் முகத்தில்.

"வேற எத்தினை இடம் கிடக்கு, இவவின்ர கன்னத்துக்குள்ள வந்து குடியிருந்திருக்கு. என்ன பாடு பட்டிருக்குமெண்டு எனக்குத்தான் தெரியும்."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. வயிற்றுக்குள் ஏதோ குலுங்கியது. தையல் இழுத்தது, நொந்தது, அப்படியும் நிற்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கட்டில் ஆடியது. கண்ணீர் வந்தது. நின்றபோது, டொக்டர்கள் இருவரும் தாளில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, சிரிச்சவாவோ?" நிபுணர் நிமிர்ந்தார். "நான் காணேல்லை. இன்னொருக்கா சிரியுங்கோ."

இன்னொருதரமா? அது வந்தபடி போய்விட்டது. வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை.

தம்பிராசா போத்தலை மேசையில் வைத்தார். எழுந்து, நீதிமன்றத்தில் சத்தியக் கடதாசி கொடுக்கிறவர்போல் நிமிர்ந்து நின்றார்.

"நான் கண்டனான் ஐயா. எழுதுங்கோ. ரெண்டு பக்கமும் சரி."

"நீங்கள் எப்பிடிச் சொல்லுறது?"

"இருபத்தி நாலு வருசத்தில இந்தச் சிரிப்பை நாலு தரம் கண்டிருக்கிறன். இது அஞ்சாவது. இடது பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் வரும். முந்தியும் அப்பிடித்தான். ஒரு வித்தியாசமும் இல்லை."

சொல்லி முடித்துச் சால்வை நுனியால் தன் கண்ணைத் துடைத்தார். நிபுணர் அப்படியே எழுதினார்.

சைக்கிளில் வரும் வழியெல்லாம் ஒரே கதை. கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் நாய்ப் புழு, பெண் புழு, இவ்வளவு நீளம். நான் தடுக்கவில்லை. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டு வந்தேன். முதலாவது சிரிப்பு கலியாணத்தன்று இல்லை, அன்று எனக்குக் காய்ச்சல். இரண்டாவது எதுவென்று ஓரளவு தெரிகிறது. மற்ற மூன்றும் எனக்கே ஞாபகம் இல்லை. அவர் எண்ணி வைத்திருக்கிறார்.

கேட்க வேண்டும். இப்போது முற்றத்தில் யாருக்கோ புழுவின் நீளம் காட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே வரட்டும்.